பட்டாளத்துப் படியும் மலைக் கொதியும்

கொடைக்கானலிலிருந்து காட்டு வழியாகப் பேரிஜம் ஏரிக்குப் போகிறவர்கள், அந்தப் பக்கத்துக்கு ‘ஃபோர்ட் ஹாமில்டன்’ என்று பெயர் இருப்பதைக் கேட்டுக் கோட்டையைத் தேடுவதுண்டு. அங்கே கோட்டை என்றைக்குமே இருந்ததில்லை. 21ஆம் மதராஸ் காலாட்படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் என்ற அதிகாரி 1860களில் பழனி மலையைச் சுற்றிப் பார்த்து, படமாக வரைந்து, அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1864இல் அவர் தங்கிய இடத்தோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. சமவெளிக் காய்ச்சலில் நலிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் குளிர்ந்த மலையில் வைத்துத் தேற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்து ராணுவத்தின் பெரிய கவலை. நீலகிரியில் வெலிங்டன் படைக் குடியிருப்பு எழுந்தது அதனால்தான். பழனி மலைக்குப் பட்டாளம் வரவில்லை.

வந்திருந்தால் அவர்கள் சோற்றுப்பானையில் என்ன நடந்திருக்கும்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் போர்முனையில் செத்தவர்களைவிட நோயிலும் பலவீனத்திலும் செத்த சிப்பாய்கள் அதிகம். அரைவேக்காட்டு உணவுக்கும் அதில் பங்குண்டு.

அன்றைய பிரிட்டிஷ் ராணுவம் படியளந்தது எடைக் கணக்கில். தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு பவுண்டு ரொட்டி, ஒரு பவுண்டு இறைச்சி. அதாவது ஒவ்வொன்றும் 450 கிராம் அளவு. இறைச்சியின் எடையில் எலும்பும் அடக்கம். அளந்து கொடுப்பதோடு அரசின் வேலை முடிந்தது. எப்படிச் சமைப்பது, எதை எரித்துச் சமைப்பது என்பதெல்லாம் சிப்பாயின் பாடு.

இதன் கொடுமை கிரிமியப் போரில் வெளிப்பட்டது. லண்டனில் புகழ்பெற்ற சமையல் கலைஞராக இருந்த அலெக்சிஸ் சோயர் 1855இல் துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குத் தாமாக முன்வந்து போனார். அங்கே ஒவ்வொரு பிரிவும் தன் பங்கு இறைச்சியை மரக்கட்டையில் இறுகக் கட்டி, அடையாளத்துக்குப் பழைய கத்தரிக்கோல், பொத்தான் என்று எதையாவது தொங்கவிட்டு, ஒரே அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தது. இறுக்கிக் கட்டிய இறைச்சி வெளியே குழைந்து உள்ளே பச்சையாகவே நின்றது. சத்தெல்லாம் இறங்கிய சாற்றைக் கீழே கொட்டினார்கள். சோயர் கட்டைத் தளர்த்தினார். சாற்றைக் காய்கறி சேர்த்துச் சூப்பாக்கினார். அதே படி, அதே எடை. நோயாளிகளுக்கு வாயில் வைக்கும்படியான உணவு கிடைத்தது. எந்தத் தளபதியின் வெற்றியைவிடவும் இந்தச் செயலை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அவர் வடிவமைத்த அடுப்பும் அப்படிப்பட்டதே. பீப்பாய் போன்ற இரும்பு உருளை. அடியில் அடைபட்ட நெருப்பு, மேலே மூடியிட்ட கொப்பரை. திறந்தவெளி அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். இதில் அது கொப்பரையைச் சுற்றியே நின்றது. விறகுச் செலவு வெகுவாகக் குறைந்தது, மழையிலும் எரிந்தது. 1982 ஃபாக்லாந்து போர்வரை பிரிட்டிஷ் ராணுவம் இந்த அடுப்பைக் கைவிடவில்லை.

ஆனால் பேரிஜத்தில் சோயரின் அடுப்பும் ஒரு தடையில் முட்டி நின்றிருக்கும். நீர் கொதிப்பது என்றால், அதன் நீராவி அழுத்தம் மேலே அழுத்தும் காற்றின் அழுத்தத்தை எட்டுவது. நம் தலைக்கு மேலுள்ள காற்று நீரின் மீது வைத்த மூடியைப் போன்றது. மேலே ஏற ஏற அந்த மூடியின் கனம் குறைகிறது. 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் பேரிஜத்தில், கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று கூடுதலாகவே மிஞ்சுகிறது. எனவே நீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பேரிஜம் தண்ணீர்தான் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது. அதே நீர் அங்கே 99 டிகிரி அளவில் கொதிக்கிறது.

விறகை அள்ளிப் போட்டாலும் இந்த 93 ஏறாது. கொதிக்கத் தொடங்கிய நீர், கூடுதலாகத் தரும் வெப்பத்தையெல்லாம் ஆவியாக மாறுவதற்கே செலவழித்துவிடும். தளதளவென்று துள்ளும் பானையும் மெதுவாகக் குமிழிவிடும் பானையும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன.

ஏழு டிகிரி அற்பம் என்று தோன்றும். வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் சமையல் மாற்றங்களின் வேகம் தோராயமாகப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் ஏழு டிகிரிக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலான நேரம் வேண்டும், அதற்கேற்ற விறகும் வேண்டும். அரிசி அவ்வளவு அடம்பிடிக்காது. அதன் மாவுச்சத்து 70 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். பருப்பும் காய்ந்த பட்டர் பீன்ஸும் வேறு ரகம். அவற்றின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைய நல்ல சூடு தேவை. முதிர்ந்த மாட்டிறைச்சியின் இணைப்புத் திசுவும் நெடுநேரம் வெந்தால்தான் இளகும்.

1835இல் ஆண்டிஸ் மலையைக் கடந்த சார்லஸ் டார்வினின் கூட்டத்தார் உருளைக்கிழங்கை இரவு முழுக்க அடுப்பில் வைத்து, காலையிலும் கொதிக்க வைத்தார்கள். வேகவில்லை. உடன் வந்தவர்கள் புதுப் பானையின் மேல் பழியைப் போட்டார்கள். காரணம் டார்வினுக்குத் தெரிந்திருந்தது. அந்த நூற்றாண்டின் நில அளவையாளர்கள் இதே குறையைக் கருவியாக்கிக்கொண்டதுதான் எனக்குத் தீராத வியப்பு. மலைமேல் நீரைக் கொதிக்கவிட்டு வெப்பமானியைப் பார்ப்பார்கள். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்ற கணக்கில் மலையின் உயரம் கிடைத்துவிடும்.

சமையலுக்கான விடையும் முன்பே இருந்தது. 1679இல் டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆவியை அடைத்துவைக்கும் பாத்திரத்தைச் செய்து எலும்பையே இளக வைத்தார். நம் வீட்டுக் குக்கரின் மூதாதை அது. குக்கரின் வெயிட், வெளிக்காற்றோடு இன்னொரு மடங்கு காற்றழுத்தம் அளவுக்குச் சேர்க்கிறது. சென்னையில் உள்ளே 120 டிகிரி. கொடைக்கானலில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் சுமார் 116. நான்கு டிகிரி இழப்புதான். ஓரிரு விசில் கூடுதலாக விட்டால் பருப்பு மசிந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டுச் சிப்பாயின் மூட்டையில் அந்தப் பாத்திரம் இல்லை. மோட்டார் வண்டிக்கான மலைப்பாதை கொடைக்கானலுக்கு 20ஆம் நூற்றாண்டில்தான் திறந்தது. அதுவரை அண்டாவும் அரிசியும் ஒற்றையடிப் பாதையில் ஆள் சுமையாகவும் மாட்டுச் சுமையாகவும் ஏறின. பட்டாளம் வந்திருந்தால் எரிப்பதற்குச் சோலைக்காட்டு மரங்களைத்தான் வெட்டியிருக்கும். கீழே சமைக்கப் போதுமான விறகு மேலே பற்றாது. வெலிங்டன் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே நீர் 94 டிகிரியில் கொதித்தது. ஆளுக்கு இத்தனை பவுண்டு என்ற படியில் அந்த ஆறு டிகிரிக்கு இடமே இல்லை.