சர்வரையே ஏவலாளாக்கும் தந்திரம்

இணைய முகவரி ஒன்றைக் கொடுத்தால், அங்குள்ள படத்தைச் சில தளங்களின் சர்வரே போய் எடுத்து வரும். வெளியார் நுழைய முடியாத உள் நெட்வொர்க் முகவரியைக் கொடுத்தால்? சோதித்துப் பார்க்காத சர்வர் அதையும் எடுத்துத் தந்துவிடும். கேட்பது வீட்டு ஆள்தானே என்று உள்ளிருக்கும் கம்ப்யூட்டரும் சந்தேகப்படாது. இதற்குப் பெயர் 'சர்வர் சைடு ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி'.

அப்ளிகேஷன் சர்வர் மென்பொருளான ஆரக்கிள் வெப்லாஜிக்கில் இருந்த இத்தகைய ஓட்டை 2014இல் அடைக்கப்பட்டது. 2019இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் இதே வழியில் சர்வரின் தற்காலிகச் சாவிகள் களவு போயின. சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் வெளியேறின.

உங்கள் ஆன்டிவைரஸ் இதைத் தடுக்காது. ஓட்டை இருப்பது தளத்தின் சர்வரில். எனவே, கேட்கும் விவரங்களையெல்லாம் கொடுத்துவிடாதீர்கள். தளத்துக்கொரு பாஸ்வேர்ட் வையுங்கள்.