அரிப்பு திரும்பத் திரும்ப வருகிறதா? டியூபை வைத்துவிட்டுச் சர்க்கரையைப் பாருங்கள்!

மேட்டூர் தண்ணீர் வந்து குறுவைக்குச் சேறடித்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆண்களுக்கு நாளெல்லாம் ஈரம்தான். நாற்று பறித்து, அண்டை வெட்டிக் கரையேறியவர், விரலிடுக்கில் வந்த சேற்றுப்புண்ணை டீக்கடை பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து நாலு பேருக்குக் காட்டுவார். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதே மனிதருக்குத் தொடையிடுக்கிலோ ஆண்குறியிலோ அரிப்பு வந்தால் மனைவிக்குக்கூடச் சொல்வதில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆள் மெடிக்கல் கடைக்காரர்தான்.

கடையில் பெண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நிற்பார். “அண்ணே, போன மாசம் குடுத்தீங்களே, அந்த டியூப்பு...” என்று குரலைத் தாழ்த்துவார். சீட்டு கேட்கப்படாது. பேப்பரில் மடித்த டியூப் சட்டைப்பைக்குள் போய்விடும். ஒரத்தநாடானாலும் பாபநாசமானாலும் மன்னார்குடியானாலும் நடப்பது இதுதான்.

ஈஸ்ட் தொற்று என்றால் பெண்களுக்கு வருவது என்றே பலரும் நினைக்கிறார்கள். காண்டிடா என்ற அந்தப் பூஞ்சை ஆண், பெண் என்று பலர் உடம்பிலும், வாயிலும் குடலிலும் இருப்பதுதான். ஈரம், சூடு, சர்க்கரை மூன்றும் சேரும் இடத்தில் பெருகிவிடும். ஆண்களுக்கு அந்த இடம் முன்தோலின் அடிப்பக்கம். மொட்டு சிவந்து பளபளக்கும், சின்னச் சின்னப் புள்ளிகள் கிளம்பும், தயிர்த் திப்பியைப் போல வெள்ளையாகப் படியும். சிறுநீர் போகும்போது எரியும். நாள்பட்டால் முன்தோலின் நுனி கீறல் கீறலாக வெடித்து, பின்னால் தள்ளவே முடியாமல் இறுகிவிடும். அந்த வெடிப்பைப் பார்த்த எந்தத் தோல் மருத்துவரும் அடுத்துக் கேட்கும் கேள்வி, “சர்க்கரை பார்த்திருக்கீங்களா?” என்பதுதான்.

தொடையிடுக்கில் வருவது படர்தாமரையாகவும் இருக்கலாம். அது ஓரம் தடித்து வட்டமாகப் படரும், நடுவில் தெளிந்துகொண்டே போகும், விதைப்பையைப் பெரும்பாலும் தொடாது. ஈஸ்ட் விதைப்பையையும் பிடிக்கும். சிவந்த பகுதிக்கு வெளியே சிறு கொப்புளங்கள் சிதறிக் கிடக்கும். படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபின் ஈஸ்டுக்கு அவ்வளவாகக் கேட்காது. கொஞ்சம் செதில் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஆனால் பார்ப்பதற்கு ஆள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமே!

திரும்பத் திரும்ப வருகிறது என்றால் முதல் சந்தேகம் சர்க்கரை மேல்தான் விழ வேண்டும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். நெல் விளையும் ஊரில், மூன்று வேளையும் அரிசி சாப்பிடும் வீட்டில், முன்தோல் வெடிப்பே நோயின் முதல் அறிகுறியாக வருவது உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-ல் முடிந்து விலை இறங்கியதும் கிராமம் வரை வந்துவிட்டது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துதான். ஆனால் இனிப்புச் சிறுநீர் முன்தோலில் தங்கினால் ஈஸ்டுக்குக் கொண்டாட்டம். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அரிப்பைச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் விட என் வயிற்றைக் கலக்குவது அந்த டியூப்தான். அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒன்றிரண்டு ஆன்டிபயாடிக், கூடவே க்ளோபெட்டசால் அல்லது பெக்லோமெத்தசோன் என்று ஒரு பெயர் இருக்கும். அதுதான் ஸ்டீராய்டு. க்ளோபெட்டசால் பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. பூசிய மறுநாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். பூஞ்சை செத்துவிட்டது என்று நினைத்து நிறுத்துவார். உண்மையில் அடங்கியது உடம்பின் எதிர்ப்புதான். பூஞ்சை உள்ளே தழைக்கிறது. பத்து நாளில் இரண்டு மடங்காகத் திரும்ப வரும். மறுபடி அதே டியூப். மாதக்கணக்கில் இப்படிப் பூசியவர்களின் தொடையிடுக்கில் தோல் காகிதமாக மெலிந்து, கர்ப்பிணி வயிற்றில் விழுவது போன்ற கோடுகள் விழுந்துவிடுகின்றன. பூஞ்சை போனாலும் அந்தக் கோடுகள் போகா.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்தது. சட்டம் காகிதத்தில் இருக்க, டியூப் மேஜைக்கு மேலேயே கைமாறுகிறது. இந்தியாவில் படர்தாமரை இன்று மருந்துக்கு மசியாத புது வகையாக மாறியிருக்கிறது. 2020-ல் அதற்கு ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று நம் நாட்டின் பெயரையே வைத்தார்கள். அது அமெரிக்கா வரை போய்விட்டதாக 2023-ல் அறிவித்தார்கள். ஸ்டீராய்டு டியூபுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்றே தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், அவசரத்துக்கு நாங்கள்தான் இருக்கிறோம் என்று கடைக்காரர்கள் சொல்வதும் உண்டு. அவசரத்துக்குக் கொடுப்பது சரி. ஸ்டீராய்டைக் கொடுப்பது எந்த வகையிலும் சரியில்லை.

ஈஸ்டுக்கான சிகிச்சை எளிதானது. க்ளோட்ரிமசோல் மட்டுமே உள்ள பூச்சை நாளுக்கு இரண்டு வேளை, ஒன்றிரண்டு வாரம், அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை பூச வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவர் 150 மில்லிகிராம் ஃப்ளுகோனசோல் மாத்திரை தருவார். க்ளிமெப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ, ரத்தம் உறையாமலிருக்கும் வார்ஃபரினோ சாப்பிடுபவர்கள் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், ரத்தக் கசிவும் வரலாம். முன்தோலை மெல்ல விலக்கி வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். டெட்டாலும் எலுமிச்சையும் வெந்த தோலை இன்னும் புண்ணாக்கும். நனைந்த ஜட்டியோடு டிராக்டர் சீட்டில் நாள் முழுக்க உட்கார வேண்டாம். மனைவிக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் இருவருமே சிகிச்சை எடுக்க வேண்டும். முன்தோல் இறுகிவிட்டவர்களுக்கு அதை நீக்கும் சிறு அறுவை சிகிச்சை நிரந்தரத் தீர்வு.

அந்த இடத்தில் கடும் வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அதுவும் சர்க்கரைக்காரர்களுக்கு வந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த இதழைப் புரட்டும் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரரின் சட்டைப்பையிலோ, மகனின் பைக் பெட்டியிலோ அப்படியொரு டியூப் கண்ணில் பட்டால் சண்டை போடாதீர்கள், சந்தேகப்படவும் வேண்டாம். ஈஸ்ட் வந்ததாலேயே ஒருவர் தப்பு செய்தவராகிவிட மாட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்குக் காசு இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், டியூபையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்; மருத்துவர் பார்க்கட்டும்.