பார்க்காத வீணைக்கு முன்பணம்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மாடோ குதிரையோ வாங்கப் போகிறவர் முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார். சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை முடிந்த பிறகுதான் மடியிலிருந்து பணம் வெளியே வரும். அதே வீட்டில் பிள்ளைக்கு ஒரு பழைய வீணையோ கீபோர்டோ வாங்கலாம் என்று கைப்பேசியைத் திறக்கும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. நான்கு படங்கள், பாதி விலை, "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இரண்டாயிரம் அனுப்பிவையுங்கள்" என்றொரு செய்தி. பணம் முதலில் போகிறது, பொருள் பிறகு வரும் என்கிறார்கள். மோசடி விளம்பரத்தைக் கண்டுபிடிக்க எத்தனையோ அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. என் கணக்கில் அவற்றில் முதன்மையானது இந்தத் தலைகீழ் வரிசைதான். இசைக்கருவியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரும் இதை வைத்துத் தப்பிவிடலாம். எல்லாம் தெரிந்தவரும் இதை விட்டால் ஏமாறுவார்.

இந்தியாவில் இணைய ஏலம் என்றால் ஒரு காலத்தில் இபே. 2004இல் பாஸீ டாட் காம் (Baazee.com) நிறுவனத்தை வாங்கி இங்கே காலூன்றிய அந்தத் தளத்தில், வாங்குபவரின் பணத்தை இடையில் நிறுத்திவைக்கும் 'பைசாபே' ஏற்பாடு இருந்தது. 2018 ஆகஸ்ட்டில் இபே இந்தியா மூடப்பட்டது. பழைய பொருளை வாங்கவும் விற்கவும் இருந்த ஆசை மட்டும் மூடப்படவில்லை. அது ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வாட்ஸப் குழுக்கள் என்று இடம் மாறியது. அங்கே நடப்பது பெரும்பாலும் முகம் தெரியாத இருவருக்கு இடையேயான நேரடிப் பணப் பரிமாற்றம். நடுவில் பணத்தைப் பிடித்துவைக்க யாரும் இல்லை. "யார் அதிகம் கேட்கிறீர்களோ அவருக்கு" என்று குழுவில் நடக்கும் ஏலத்தில், விலை ஏற்றிவிடும் ஆட்களில் சிலர் விற்பவரின் கூட்டாளிகளாகவே இருப்பதும் உண்டு. ஏலம் முடிந்து இரண்டு நாள் கழித்து, "எடுத்தவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறேன்" என்று தனியாக அழைப்பு வந்தால் அது பழைய தந்திரம் என்று கொள்ளலாம். இன்னொன்று ராணுவ வேடம்: இடமாற்றம் வந்துவிட்டது, கிட்டாரை அவசரமாக விற்கிறேன் என்பார்கள். யாரிடமிருந்தோ திருடிய கேன்டீன் அட்டையின் படம் வரும். பிறகு அனுப்பும் செலவு, கேட் பாஸ், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று ஒவ்வொன்றாகக் கறப்பார்கள்.

கருவியை அறிந்து வைத்திருப்பது வீண் என்று சொல்லவில்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இலும், நரசிங்கப்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரே பலாமரத் துண்டில் குடமும் (ஒலிப்பெட்டி) தண்டியும் (கழுத்து) சேர்த்துக் குடைந்த ஏகாந்த வீணைக்கும், தனித்தனியாகச் செய்து இணைத்த ஒட்டு வீணைக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. குடமும் தண்டியும் சேரும் இடத்தைக் கிட்டத்தில் காட்டச் சொன்னால், ஒட்டை ஏகாந்தம் என்று விற்பவர் தடுமாறுவார். மெட்டுகள் இருபத்துநான்கு இருக்கின்றனவா, அவற்றைப் பிடித்திருக்கும் மெழுகு இளகியிருக்கிறதா, தந்திகளைத் தாங்கும் குதிரை தேய்ந்திருக்கிறதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. நரசிங்கப்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்கள் நாள்பட்ட ஆச்சா மரத்தைத் தேடுகிறார்கள்; பளபளக்கும் புது மரத்தைக் காட்டி அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் சந்தேகப்பட வேண்டும். இருந்தாலும் இந்த அறிவு பாதி வழிதான் வரும். காரணம், படத்தில் இருக்கும் வீணை அசலாகவே இருக்கலாம். அதை வைத்திருப்பவர் வேறு யாரோவாக இருப்பார். வயலின் உலகம் இதை நன்றாகவே அனுபவித்திருக்கிறது. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண வயலின்களுக்குள் ஸ்ட்ராடிவாரி பெயரிட்ட சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சீட்டைப் படமெடுத்துப் போட்டு இன்றும் விற்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற வயலின் வணிகர் டீட்மார் மாக்கோல்டுக்கு 2012இல் வியன்னா நீதிமன்றம் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவர் காட்டிய வயலின்களை நம்பி ஏமாந்தவர்களில் ஒரு வங்கியும் உண்டு. வங்கியையே ஏமாற்ற முடிந்த துறையில் நான்கு படங்கள் எதற்குச் சான்று? அன்றைய தேதி எழுதிய தாளைக் குடத்தின் மேல் வைத்து, நேரடி வீடியோ அழைப்பில் சாரணித் தந்தியை மீட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுப்பவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பணத்தின் வரிசையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால், 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை உங்களைக் காக்கும்: தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாதபோது, மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. ஆனால் நீங்களே ரகசிய எண்ணை அழுத்தி யுபிஐயில் அனுப்பிய முன்பணம், பொய்யை நம்பி அனுப்பியதாகவே இருந்தாலும், அந்த வகைக்குள் எளிதில் வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தை நிறுவனங்கள் விற்பவரின் விவரங்களைத் தர வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடை நடத்துபவரிடம் வாங்கியிருந்தால் இது நல்ல ஆயுதம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கோவையிலோ ஈரோட்டிலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தன் பழைய மிருதங்கத்தை விற்கும் தனிநபர் வணிகர் ஆகமாட்டார். போலி விற்பனையாளருக்கோ முகவரியே இருக்காது. சட்டம் கை கொடுக்கும் தூரம் அங்கே குறைந்துவிடுகிறது.

பொருளைப் பார்க்காமல் முன்பணம் தராதே என்பதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சொல்லிச் செய்யும் வீணைக்கு எந்த ஆசாரியும் முன்பணம் கேட்கத்தான் செய்வார். மரம் வாங்க வேண்டும், மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். எல்லோரும் முன்பணம் மறுத்தால் நேர்மையான கைவினைஞர்தான் முதலில் பட்டினி கிடப்பார். உண்மைதான். ஆனால் சொல்லிச் செய்விப்பதும் கையில் தயாராக இருக்கும் பழைய பொருளை வாங்குவதும் வேறு வேறு. முன்னதில் பட்டறை இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது, அவரிடம் ஏற்கெனவே வாங்கிய பாட்டு வாத்தியார் இருக்கிறார். கோவையிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜன சதாப்தி ரயில் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகத்தான் போகிறது. பெருந்தொகை கொடுக்கிறவர் ஒருநாள் செலவழித்து நேரில் பார்த்து வருவது சந்தேகம் ஆகாது, அந்தக் கைவேலைக்குத் தரும் மரியாதை. போக முடியாதவர், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் பட்டறைக்காரர் பெயரும் ஒன்றா என்றாவது பார்த்தாக வேண்டும். தயாராக இருக்கும் பொருளுக்கு இந்த முன்பணச் சலுகை எதுவும் தேவையில்லை.

விற்பவருக்கும் ஆபத்து இருக்கிறது. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். பணம் பெறுவதற்கு எந்த ரகசிய எண்ணும் தேவையில்லை. வாங்குபவர் அறியாமலே குற்றவாளியாகும் வழியும் ஒன்று உண்டு. யானைத் தந்தம் பதித்த பழைய வீணை, உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிரா என்று பெருமையாக விளம்பரம் வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வணிகமே குற்றம். முதல் அட்டவணை விலங்கு சார்ந்த குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

பணம் போய்விட்டால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பது. வங்கி திறக்கட்டும், மகன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது; பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கினால்தான் மிஞ்சும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிய வேண்டும். விளம்பரப் பக்கம், பேச்சுப் பதிவுகள், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைப் படமெடுத்துவிட்டுப் பிறகு எதிராளியைத் தடை செய்யுங்கள்; அவசரத்தில் அழித்துவிட்டால் சான்று போய்விடும். எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காரணம் காட்டித் தகவலைப் பதியாமல் திருப்பி அனுப்பக் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் இத்தகைய மோசடிக்குப் பொருந்தும். முடக்கிய பணத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

மூவாயிரம் ரூபாய்க்குப் போய்க் காவல் நிலையம் ஏறுவதா, வெளியே தெரிந்தால் கௌரவம் என்ன ஆவது என்ற எண்ணம் கொங்கு வட்டாரத்தில் வலுவாக இருக்கிறது. வியாபாரம் தெரிந்த ஊர் என்ற பெயரே இங்கே வாயை அடைக்கிறது. ஆனால் முதலீட்டாளர்களை ஏமாற்றி 2009இல் சரிந்த திருப்பூர் பாசி (Paazee) நிறுவன வழக்கில் 2022இல் கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை விதித்தது, ஏமாந்தவர்கள் வெட்கத்தை ஒதுக்கிவிட்டு வந்து புகார் சொன்னதால்தான். வீணை மோசடியில் தொகை சிறியது, ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள். பொள்ளாச்சியில் மூவாயிரம் இழந்தவரும் கரூரில் ஐயாயிரம் இழந்தவரும் தத்தம் புகாரில் அதே வங்கிக் கணக்கு எண்ணை எழுதினால்தான், அது ஒரு கும்பலின் கணக்கு என்பது காவல்துறைக்குத் தெரியவரும்.