சிரிப்பு வாயுவைக் குடிக்கும் மோட்டார் கார்!

பல் பிடுங்கும் டாக்டர்கள் நோயாளிக்குக் கொடுக்கும் சிரிப்பு வாயுவை, அமெரிக்க வாலிபர்கள் தங்கள் மோட்டார் காருக்குக் கொடுக்கிறார்கள். கார் சிரிப்பது இல்லை. பாய்கிறது!

காரின் பின்பக்கப் பெட்டியில் ஒரு பாட்டில் படுத்திருக்கும். அதில் இருந்து மெல்லிய குழாய் ஒன்று என்ஜினுக்குப் போகும். ஓட்டுபவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 250 குதிரைச் சக்தி உள்ள என்ஜின், கண் மூடித் திறப்பதற்குள் 350 குதிரைச் சக்தி உள்ள என்ஜினாக மாறிவிடும். பொத்தானை விட்டால் பழையபடி சாதுவான என்ஜின். மறுநாள் காலையில் அதே காரில் ஆபீசுக்குப் போகலாம்.

இப்படி ஒரு வரம் கிடைத்தால் யார் விடுவார்கள்? ஆனால் அளவு தவறினால் இது பஸ்மாசுரன் வாங்கிய வரம். கொடுத்தவன் தலையிலேயே கை வைக்க வரும்.

இந்த வாயுவின் பெயர் நைட்ரஸ் ஆக்சைடு. 1772-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி இதைக் கண்டுபிடித்தார். பிறகு ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர் இதைத் தாமே முகர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்தது. வலி குறைந்தது. அறுவைச் சிகிச்சைக்கு இது பயன்படலாம் என்று 1800-ம் ஆண்டில் எழுதி வைத்தார். யாரும் காது கொடுக்கவில்லை. 44 ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் பல் டாக்டர் ஹோரஸ் வெல்ஸ், இந்த வாயுவை முகர்ந்துகொண்டு தம் பல்லையே பிடுங்கச் சொன்னார். அதன் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

டாக்டரின் அறையில் இருந்த வாயு என்ஜினுக்குள் எப்படி நுழைந்தது? யுத்தம்தான் காரணம்.

விமானத்தில் முதல் ஓட்டம்

உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். விமான என்ஜின் மூச்சுத் திணறும். இரண்டாவது உலகப்போரில் ஜெர்மானியர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நைட்ரஸ் ஆக்சைடைத் திரவமாக விமானத்தில் ஏற்றி, உயரத்தில் என்ஜினுக்குள் பீச்சினார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஜி.எம்.1 என்று பெயர். பிரிட்டிஷாரும் சும்மா இருக்கவில்லை. தங்கள் மஸ்கீட்டோ இரவு விமானங்கள் சிலவற்றில் இதே வித்தையைச் செய்தார்கள்.

யுத்தம் முடிந்தது. வித்தை தரைக்கு இறங்கியது. பந்தயக்காரர்கள் இதை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1976-ம் ஆண்டு டேடோனா 500 பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ரகசியம் சந்தி சிரித்தது. மிக வேகமாக ஓட்டிய ஏ. ஜே. பாயிட், டாரல் வால்ட்ரிப் ஆகிய இருவரின் நேரங்களும் தள்ளுபடி செய்யப்பட்டன. நைட்ரஸ் ஆக்சைடுதான் காரணம் என்றார்கள் அதிகாரிகள். இரண்டு ஆண்டுகளில், 1978-ல், கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி இதற்கான சாமான்களைப் பெட்டியில் போட்டு விற்கவே தொடங்கிவிட்டது!

அடுப்பும் ஊதுகுழலும்

அடுப்பில் விறகு மங்கினால் ஊதுகுழலை எடுத்து ஊதுகிறோம். தீ குப்பென்று எழுகிறது. விறகு அதேதான், காற்றுதான் கூடியது. என்ஜினிலும் அதே கதை. பெட்ரோல் எரிய வேண்டுமானால் பிராணவாயு வேண்டும். காற்றில் எடைக்கு 23 சதவிகிதம்தான் பிராணவாயு. நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவிகிதம். சிலிண்டருக்குள் உள்ள சூட்டில் இந்த வாயு உடைந்து, பிராணவாயுவைக் கொட்டுகிறது. கூடவே இன்னொரு லாபம்: திரவம் ஆவியாகும்போது பூஜ்யத்துக்குக் கீழே 88 டிகிரி குளிர். உள்ளே வரும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அதனால் அதிகக் காற்று நுழைகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அல்ல. அது எரிய வைப்பது. வாயுவைக் கூட்டினால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால்? அங்கேதான் ஆபத்து பிறக்கிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு எகிறும். கலவை ஒழுங்காக எரியாமல் வெடிக்கும். அலுமினிய பிஸ்டன் மெழுகு போல உருகி ஓட்டை விழும். எல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிடும். ஓட்டுபவருக்குச் சத்தம் கேட்பதற்கு முன்பே என்ஜின் போய்விடும்.

ஆகவே தெரிந்த மெக்கானிக் முதலில் பார்ப்பது வாயுவை அல்ல, பெட்ரோல் பம்பை. முழு வேகத்தில் பம்பு அழுத்தம் தளராமல் நிற்கிறதா? பல பேர் இதற்கென்று தனிப் பம்பே வைத்துவிடுகிறார்கள். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் சுவிட்ச் ஒன்றும் உண்டு. விலை அற்பம். இதில் மிச்சம் பிடிப்பவரைப் போல அசடர் கிடையாது.

தேய்ந்துபோன என்ஜினுக்கு இது மருந்து அல்ல. கிழவனைக் குஸ்தி மைதானத்தில் இறக்குவது போலத்தான். நல்ல என்ஜினுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மாற்றம் எதுவும் செய்யாத நாலு சிலிண்டர் என்ஜின் 40 முதல் 60 குதிரைச் சக்தி வரை கூடுதலாகத் தாங்கும். எட்டு சிலிண்டர் செவர்லே போன்ற என்ஜின் 140 வரை தாங்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால், வார்ப்பு பிஸ்டனைக் கழற்றிவிட்டு, அடித்து உருவாக்கிய பிஸ்டனைப் போட வேண்டும். பிஸ்டன் வளையங்களின் இடைவெளியையும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் வளையத்தின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு பிஸ்டனைப் பெயர்த்துவிடும்.

தீப்பொறியையும் தாமதிக்க வேண்டும். கலவை வேகமாக எரிவதுதான் காரணம். ஒவ்வொரு 50 குதிரைச் சக்திக்கும் சுமார் இரண்டு டிகிரி என்பது பொதுக் கணக்கு. குளிர்ந்த ரக ஸ்பார்க் பிளக், உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் இரண்டும் கட்டாயம்.

எப்போது அழுத்துவது?

2001-ம் ஆண்டில் வந்த 'தி பாஸ்ட் அண்ட் தி பியூரியஸ்' படத்தில், வாயு பாய்ந்ததும் காரின் அடித்தகடே கழன்று விழுகிறது! தியேட்டரில் கைதட்டல் வாங்க அது சரி. உண்மையில் விழுவது வேறு.

ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்திருக்கும்போதுதான் வாயுவைத் திறக்க வேண்டும். என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுக்குக் குறைவாகச் சுற்றும்போது திறந்தால், வாயுவும் பெட்ரோலும் உள்வழிக் குழாயில் தேங்கும். ஒரு பொறி திரும்பினால் போதும். குழாயே வெடித்துச் சிதறும். அதனால்தான் கையில் உள்ள பொத்தானை மட்டும் நம்புவது இல்லை. முழு மிதியில் மட்டும் வேலை செய்யும் சுவிட்ச் ஒன்று. குறிப்பிட்ட சுற்று எல்லைக்குள் மட்டும் வாயுவை விடும் சுவிட்ச் இன்னொன்று. மனிதன் அவசரப்பட்டாலும் சுவிட்ச் அவசரப்படாது.

பாட்டிலுக்குள் இருக்கும் பூதம்

என்ஜின் போனால் பணம்தான் போகும். பாட்டில் வெடித்தால் உயிர் போகும்.

27 டிகிரி சென்டிகிரேடில் பாட்டிலுக்குள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 865 பவுண்டு அழுத்தம் இருக்கும். குளிர் நாளில் இது பாதியாக இறங்கிவிடும், கார் முன்போலப் பாயாது. 900-ல் இருந்து 950 வரை வைத்திருக்கத்தான் எல்லோரும் பாடுபடுகிறார்கள். இங்கேதான் புத்தி கெட்ட சிலர் பாட்டிலை நெருப்புக் குழலால் சூடாக்குகிறார்கள். அது கையெறி குண்டின் திரியைக் கொளுத்துவதற்குச் சமம். அழுத்தம் பார்த்துத் தானே நிற்கும் மின்சாரக் கம்பளி கடையில் கிடைக்கும்போது, இந்த விபரீதம் எதற்கு?

36.4 டிகிரிக்கு மேலே போனால் திரவம் என்பதே இராது. எல்லாம் அடர்ந்த வாயுவாகிவிடும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டிக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே பாட்டிலை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. தராசில் வைத்து, எடை பார்த்து நிரப்ப வேண்டும். 10 பவுண்டு பாட்டில் என்றால் 10 பவுண்டு. ஒரு அவுன்ஸ் கூட மேலே போகக் கூடாது.

பாட்டிலின் கழுத்தில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் பாட்டில் வெடிப்பதற்கு முன் அந்தத் தகடு கிழிந்து வாயுவை வெளியேற்றும். வெளியே என்றால் எங்கே? ஓட்டுபவர் முகத்திலா? தகட்டில் இருந்து ஒரு குழாய் காருக்கு வெளியே போக வேண்டும். மூடிய காரில் வாயு நிறைந்தால் மூச்சு முட்டும். திரவம் தோலில் பட்டால் நெருப்புச் சுட்டது போலப் புண் ஆகும்.

காருக்கான வாயுவில் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு கலந்து விற்கிறார்கள். போதைக்காக முகர்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும் என்பதற்காக!

தெருவா, மைதானமா?

கலிபோர்னியாவில் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம். தெருவில் ஓடிய வாலிபர்களை மைதானத்துக்கு அழைத்து வரத்தான் 1951-ம் ஆண்டில் வாலி பார்க்ஸ் ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார். கால் மைல் நேர்ப்பாதை. இரண்டு கார்கள். பக்கத்திலேயே ஆம்புலன்ஸ். ஓட விடுமுன் பாட்டிலில் அரசாங்க முத்திரை இருக்கிறதா, அசையாமல் பூட்டியிருக்கிறதா என்று பரிசோதகர் பார்ப்பார். 10 பவுண்டு பாட்டில் ஏழு முதல் பத்து ஓட்டத்துக்கு வரும்.

ஓடி முடித்ததும் கெட்டிக்காரர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பது இல்லை. என்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். வெள்ளைப் பீங்கானில் ஊசி முனை அளவு வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தால், அவை பிஸ்டனில் இருந்து உருகி வந்த அலுமினியம். அன்றைக்கு அவர் மறுபடியும் ஓடுவது இல்லை. பாட்டிலின் வாயைத் திருகி மூடிவிட்டு, மெதுவாகக் காரை வீட்டுக்கு ஓட்டிப் போகிறார்.