கடற்பாசி வளர்ப்பிடத் தேர்வில் செயற்கைக்கோள் தரவுகள்

கடற்பாசி வளர்ப்புக்கு ஏற்ற கரையோரக் கடற்பகுதிகளைச் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு கண்டறிவது தொலையுணர்வின் பயன்பாடுகளுள் ஒன்றாகும். பரந்த கடலில் படகில் சென்று அளப்பதற்கு முன், தகுதியற்ற இடங்களை விலக்கிவிட இது உதவுகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கப்பாஃபைகஸ் அல்வரெசி என்னும் பாசி மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படுகிறது. இதிலிருந்து கராஜீனன் எடுக்கப்படுகிறது. ஒரு சுற்று அறுவடைக்குச் சுமார் 45 நாட்கள் ஆகும். மிதவை கட்டுவோரில் பெண்கள் பலர். இடம் தவறினால் மிதவையும் விதைப்பாசியும் ஒருசேர இழப்பாகும்.

அளவிடப்படும் காரணிகள்

* வெப்பநிலை: லேண்ட்சாட்-8 வெப்ப உணரி 16 நாட்களுக்கு ஒருமுறை 100 மீட்டர் பிரிதிறனில் பதிவு செய்கிறது. நீர் அதிகம் சூடானால் பாசி வெளுத்து அழுகும்.
* கலங்கல், ஆழம்: சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கம் உடையவை. தெளிந்த ஆழமற்ற நீரில் அடித்தளத்தையும் காட்டும்.
* பச்சையம்: 2022 நவம்பர் 26 அன்று ஏவப்பட்ட இஓஎஸ்-06 கடல்நிற உணரியைக் கொண்டுள்ளது.
* அலை, காற்று: உயரமானி, சிதறல்மானி ஆகியவற்றால் அறியப்படுகின்றன.

தேர்வு முறை

ஒவ்வொரு காரணியும் தனி அடுக்காகப் புவித் தகவல் அமைப்பில் ஏற்றப்பட்டு மதிப்பெண் பெறுகிறது. பல ஆண்டுப் பதிவுகளை மாதவாரியாகப் பார்ப்பது அவசியம். உள்ளூரில் 'பெண் கடல்' எனப்படும் பாக் விரிகுடா வடகிழக்குப் பருவத்தில் கொந்தளிக்கும். 'ஆண் கடல்' எனப்படும் மன்னார் வளைகுடா தென்மேற்குப் பருவத்தில் சீறும். எனவே ஆண்டுச் சராசரி மட்டும் ஏமாற்றிவிடும்.

பின்னர் பவளப்பாறை, கடற்புல் படுகை, படகுப் பாதை, வலை வீசும் இடம் ஆகியவை நீக்கப்படுகின்றன. இந்நீக்கம் முக்கியமானது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இப்பாசி உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்தது 2008 இல் பதிவாகியுள்ளது. ஆகவே 'பாசி நன்றாக வளரும் இடம்' என்பதும் 'வளர்க்கத் தக்க இடம்' என்பதும் ஒன்றல்ல.

வரம்புகள்

பருவமழைக் காலத்தில் மேகம் படங்களை மறைக்கும். உப்புத்தன்மையை அளக்கும் செயற்கைக்கோள்களின் ஒரு படக்கட்டம் பல கிலோமீட்டர் அகலமானது; கரையை ஒட்டி அது பயன்படாது. நைட்ரேட், பாஸ்பேட் போன்ற ஊட்டங்களை வானிலிருந்து நேரடியாக அளக்க இயலாது. மாதிரி நீர் எடுத்தே சோதிக்க வேண்டும். தென்சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் மேற்கொள்ளும் கடலோர நீர்த்தரக் கண்காணிப்பு போன்ற களத்தரவுகள் இங்கு துணை செய்யும். இறுதியில் சில சோதனை மிதவைகளை இட்டு, மீனவர்களிடம் நீரோட்டம் கேட்டறிந்த பின்னரே இடம் உறுதி செய்யப்பட வேண்டும்.