வளையைப் படித்த பிறகுதான் கூண்டு

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டியது முகத்துவாரக்குப்பம். வெறும் கடல் மணலில் வளை நிற்காது, தோண்டத் தோண்டச் சரியும். அதனால் இதுபோன்ற கரையோரக் குடியிருப்புகளில் பெருச்சாளி தேடிப் போவது ஈரமும் பிடிமானமும் உள்ள இடத்தை. குளித்த தண்ணீர் பாயும் வாழையடி, முருங்கையின் வேர்க்கால், மதிலின் அடித்தளம், வலை போட்டு வைக்கும் கொட்டகையின் ஓரம், இவைதான் அதற்குத் தோது. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கூடை மண்ணை வெளியே தள்ளிவிட்டு, விடிவதற்குள் உள்ளே போய்விடும்.

மேலைநாட்டுத் தோட்டக் கையேடுகளில் மண்ணைக் குவிக்கும் பிராணியாக 'மோல்' என்று ஒன்று வரும். அது தமிழ்நாட்டில் கிடையாது. இந்தியாவில் வடகிழக்கு மலைப்பகுதிகளில்தான் இருக்கிறது. அதற்குத் தூரத்துச் சொந்தம் என்றால் நம் வீட்டு மூஞ்சூறுதான். மூஞ்சூறு எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சிபுழுவையும் தின்று வாழ்கிறது. கூண்டில் மாட்டினால் திறந்துவிட்டுவிடலாம், அதனால் தோட்டத்துக்கு லாபமே தவிர நட்டமில்லை.

நம் மண்ணைக் குடைகிறவை முக்கியமாக இரண்டு. ஒன்று பெருச்சாளி. அரைக் கிலோவுக்குக் குறையாது, ஒரு கிலோவைத் தொடுவதும் உண்டு. மடக்கினால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். நன்றாக நீந்தும், ஆகவே கழிமுகக் கரை அதற்குத் தடையல்ல. இன்னொன்று அதன் தம்பி, நெல்வயல்காரர்கள் வரப்பெலி என்று சொல்லும் சிறிய வகை. கிழங்கு, வேர், தேங்காய், மீன்கழிவு என்று எதையும் ஒதுக்காத பிராணிகள் இவை. சினைக்காலம் ஏறக்குறைய மூன்றே வாரம். ஒரு ஈற்றில் ஆறேழு குட்டிகள், அந்தக் குட்டிகளும் மூன்று மாதத்தில் குட்டி போடத் தயார். ஒன்றைப் பிடித்துவிட்டு ஓய்ந்தால் கணக்கு தீராது என்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்கை நன்றாகத் தெரிந்தவர்கள் இருளர்கள். திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் பரவி வாழும் இவர்களில் ஒரு பகுதியினர் கொசஸ்தலை ஆற்றிலும் பழவேற்காட்டிலும் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வயல் பக்கம் இருப்பவர்களுக்கு எலி பிடிப்பது பரம்பரைத் தொழில். நிலத்துக்காரர் எலிக்கு இவ்வளவு என்று கூலி தருவார். கறி குடும்பத்துக்கு. வளைக்குள் எலி சேர்த்து வைத்திருக்கும் நெல்லும் தோண்டியவருக்கே.

அவர்கள் கையாண்ட கருவி ஒரு மண்பானை. பானைக்குள் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைப்பார்கள். வாயை வளையோடு பொருத்தி, இடுக்கைச் சேற்றால் பூசி, பானையின் அடியில் இருக்கும் சிறு ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார்கள். உள்ளே புகை நிறைந்து எலி மயங்கும், பிறகு தோண்டி எடுக்கலாம். ஆனால் புகையில் பாதி ஊதுகிறவரின் நெஞ்சுக்குத்தான் போகும். உதடும் கையும் வெந்துபோகும். இருமலும் மூச்சிரைப்பும் இந்தத் தொழிலின் கூடப்பிறந்தவை.

சென்னையில் இருளர்களுக்காக வேலை செய்த ஓர் அமைப்பின் சேதுநாராயணன் இதற்கு ஒரு மாற்றை முன்வைத்தார். மண்பானைக்குப் பதில் இரும்பு உருளை. வாயால் ஊதுவதற்குப் பதில் கையால் சுற்றும் ஊதுவிசிறி. சூடு தாக்காத கைப்பிடி, புகையை வளைக்குள் கொண்டுபோகும் குழாய். இவ்வளவுதான் யந்திரம், கரண்டும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். 2003-ல் உலக வங்கி நடத்திய வளர்ச்சித் திட்டப் போட்டியில் இந்த யோசனைக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. விசிறி சீராகச் சுற்றுவதால் புகை விட்டுவிட்டுப் போகாமல் தொடர்ந்து போய் வளையின் கடைசி அறை வரை எட்டுகிறது. ஊதுகிறவர் தள்ளி நிற்கிறார். நம் ஊரில் பரிசு வாங்கிய கருவிகள் பல கண்காட்சி மேசையோடு சரி. பயன்படுத்துகிறவரின் உதட்டையும் மூச்சையும் நினைத்துச் செய்த கருவி என்பதால் இதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆனால் யந்திரம் பாதிதான். புகை போடும் முன் இருளர் வளையைச் சுற்றிவந்து பார்ப்பார். எது போகிற வாசல், எது மெல்லிய மண் மூடி வைத்த தப்பும் வழி, எந்த மண் இன்று தள்ளியது, எது நேற்றுக் காய்ந்தது. வாசல்களை எல்லாம் அடைத்த பிறகே நெருப்பு. பாம்பு பிடிக்கும் இருளர்களுக்கு 1978-ல் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. எலி பிடிக்கும் அறிவுக்கு அப்படி ஒரு மேடை இன்னும் போடப்படவில்லை.

வீட்டுத் தோட்டத்தில், அதுவும் சுவரை ஒட்டி, புகை போடக் கூடாது. வளை தரைக்கு அடியிலேயே வீட்டுக்குள் திறந்திருந்தால் புகை படுக்கையறைக்கு வரும். இங்கே கூண்டுதான் சரி. முதலில் சாயங்காலம் எல்லா ஓட்டைகளையும் மண்ணால் மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. மீதியை மறந்துவிடலாம். கூண்டைத் தோட்டத்து நடுவில் வைக்காதீர்கள். எலி திறந்த வெளியில் நடக்காது, மீசை சுவரில் உரச ஓரமாகவே ஓடும். சுவரோடு ஒட்டி, வாய் அதன் பாதையில் இருக்கும்படி வையுங்கள்.

புதிதாக முளைத்த எந்தப் பொருளையும் எலி சில நாள் சந்தேகப்படும். அதனால் முதல் இரண்டு மூன்று ராத்திரி கூண்டின் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே விட்டு, உள்ளே தீனி மட்டும் வையுங்கள். பயம் விட்டுப் போன பிறகு கதவை ஏற்றலாம். இரை விஷயத்தில் கடற்கரைக் குப்பத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கருவாடு எங்கும் காயும் இடத்தில் கருவாட்டுக்கு எலி மயங்காது. மசால் வடையோ சுட்ட தேங்காய்ச் சில்லோ வைத்துப் பாருங்கள். பெருச்சாளிக்கு எலிக்கூண்டு போதாது, பெரிய கம்பிக்கூண்டு வேண்டும். டெல்டாப் பக்கத்து தஞ்சாவூர்க் கிட்டி, வில்லாக வளைத்து நாணேற்றிய பொறி, இரையைத் தொட்டதும் கழுத்தைப் பிடிக்கும். வயலுக்கு அருமையானது. குழந்தையும் கோழியும் திரியும் கொல்லைக்கு ஆகாது.

வழியை அடைப்பது பிடிப்பதைவிட மலிவு. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் வடங்களில் வட்டத் தகடுகள் மாட்டுவது எலி வடம் ஏறிக் கரைக்கும் கப்பலுக்கும் போகாமல் இருக்கத்தான். தென்னை மரத்தில் தகரம் சுற்றுவதும் அதே யோசனை. சாக்கடை வாய்க்குக் கம்பிவலை போட்டு, மீன்கழிவை ராத்திரி வெளியே விடாமல் இருந்தால் கூண்டுக்குப் பாதி வேலை குறையும்.

விஷம் வேண்டாம் என்றே சொல்வேன். ஜிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிறது. எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் சாகிறது. மனிதருக்கும் அதற்கு மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தன. தவிர, விஷம் தின்ற எலி வளைக்குள் செத்து நாறும். தோண்டாமல் எடுக்க முடியாது.

வளையில் கை வைக்கிறவர்கள் கையுறையும் செருப்பும் போடாமல் இறங்காதீர்கள். எலிக் காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரிலிருந்து ஈர மண்ணுக்கு வந்து, காலில் உள்ள சிறு வெட்டு வழியாகவே உள்ளே போய்விடும். தோண்டிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மாத்திரைக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். எலி வளை தோண்டியதை முதலில் சொல்லுங்கள்.