பல் இல்லாதவர்களுக்கும் கபாப்!



கபாப் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, சந்தையில் எண்ணெயில் பொரிக்கும் சிவப்புக் கோழித் துண்டுதான். ஆனால் கபாப் என்பது ஒரே பண்டம் இல்லை. ஊருக்கு ஒரு விதம் உண்டு. இதோ சில:

1. ஷிஷ் கபாப்: துருக்கி நாட்டில் 'ஷிஷ்' என்றால் கம்பி. கறித் துண்டுகளைக் கம்பியில் கோர்த்துத் தணலில் சுடுவார்கள். நன்றாக மெல்ல வேண்டும்.

2. டோனர் கபாப்: இதுவும் துருக்கிதான். நெட்டுக்குத்தாக அடுக்கிய கறி நெருப்பின் முன் சுழலும். வெந்த மேல்பகுதியைச் சீவித் தருவார்கள். ஷவர்மா இதன் தம்பி.

3. கூபிதே: ஈரானில் 'இடித்தது' என்று பொருள். கொத்துக்கறியை வெங்காயத்தோடு பிசைந்து, கம்பியில் பிடித்துச் சுடுவார்கள். நம் நாட்டு சீக் கபாப்பும் ஏறக்குறைய இப்படித்தான்.

4. ஷாமி கபாப்: கறியையும் கடலைப்பருப்பையும் வேகவைத்து அரைத்து, வடை மாதிரி தட்டி, கல்லில் போட்டு எடுப்பது.

5. கலோட்டி கபாப்: லக்னோவில் பல் விழுந்த நவாப் ஒருவருக்காகச் செய்தது என்று கதை சொல்வார்கள். மைபோல் அரைத்த கறியில் பப்பாளிக்காயும் அரைத்துச் சேர்ப்பார்கள். லக்னோவில் 1905-ல் தொடங்கிய டுண்டே கபாபி கடை இதற்குப் பேர் போனது.

பப்பாளிக்காய் ஏன்?

அதன் பாலில் 'பப்பைன்' என்ற நொதி இருக்கிறது. அது கறியில் உள்ள புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி மிருதுவாக்கும். முற்றின ஆட்டுக்கறி வேகலைன்னா நம்ம அம்மாக்கள் பப்பாளிக்காய்த் துண்டு போடுவாங்களே, அதே அறிவியல்தான்! பழுத்துவிட்டால் பப்பைன் மிகவும் குறைந்துவிடும்.

எனக்குப் பிடித்தது எது?

எங்கள் பாட்டிக்குப் பல் இல்லை. கறி எடுக்கும் நாளில் குழம்பை மட்டும் ஊத்திக்கிட்டு, "எனக்கு இது போதும்"னு சொல்லுவாங்க. அதனால் பாட்டிக்கும் சேர்த்தே தேடினேன். சந்தைக் கபாப்பை வாயில் வைத்துவிட்டு எடுத்துட்டாங்க. தோழியின் அக்கா கல்யாணத்தில் நான் சாப்பிட்ட சீக் கபாப் நல்ல மணம். ஆனால் ஓரமெல்லாம் மொறுமொறு. பாட்டிக்கு ஆகாது. தோழியின் அம்மா ஷாமி செய்யச் சொல்லிக்கொடுத்தாங்க. கால் கிலோ கறி, ஒரு கைப்பிடி பருப்பு. அம்மாவும் நானும் அம்மியில் அரைத்தோம். பாட்டி மூணு சாப்பிட்டாங்க! "கறி ருசி பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு கண்ணு"ன்னாங்க. இப்போ எனக்கும் ஷாமிதான் பிடிக்கும்.

கவனம்: கொத்தும்போது மேலே உள்ள கிருமி உள்ளேயும் கலந்துவிடும். அதனால் கொத்துக்கறியை நடுப்பகுதி வரை நன்றாக வேகவைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் குழம்பு மட்டும் போதும் என்று சொல்லும் தாத்தா பாட்டி இருக்கிறார்களா? ஒருமுறை ஷாமி செய்து கொடுத்துப் பாருங்கள்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி